மருந்து கேட்டுச்சா?

அன்று காலை பதினொரு மணிக்குள் செடியக்கா முப்பத்தொரு பேருக்கு வழி சொல்லி முடித்திருந்தார். தொட்டியில் எலுமிச்சை வைத்தவரிடம், இலை சுருண்டதும் உரத்தைக் கொட்டாமல் முதலில் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். கொய்யாவை அணில் தின்கிறது என்று அழாத குறையாகப் பேசிய பெண்ணிடம், "எல்லாக் காய்க்கும் பை கட்டாதீங்கம்மா. பாதிக்குக் கட்டுங்க, பாதியை அதுக்கு விட்டுருங்க. பூராத்தையும் மூடினா பையைக் கிழிச்சுட்டு உள்ள போகும்" என்றார். குப்பைக் குழியில் பாம்பு என்று மூச்சிரைத்தவரிடம், கம்பைக் கீழே போட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். "அதுவும் உங்களைப் பார்த்துட்டு இப்படித்தான் மூச்சு வாங்கிட்டிருக்கும்."

விவசாயிகளுக்கான தொலைபேசி உதவி மையம் அது. பழைய தானியக் கிடங்கின் மாடி. பதினோரு இருக்கைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே தோள் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு. எதிர்ச்சுவரில் சிவப்பு எண் பலகை ஒன்று, எத்தனை பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள் என்று காட்டும். அந்த எண் பத்தைத் தாண்டினால் மேற்பார்வையாளர் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து நிற்பார். எதுவும் பேச மாட்டார், மணிக்கட்டைப் பார்ப்பார். அதனால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். ஓர் அழைப்புக்கு நான்கு நிமிடம் என்பது அவர் போட்ட சட்டம்.

செடியக்கா என்ற பெயர், கூப்பிடுகிறவர்கள் வைத்தது. "போன தடவை பேசின செடியக்காவைக் குடுங்க" என்று கேட்டுக் கேட்டு அதுவே நிலைத்துவிட்டது. வயது நாற்பத்தொன்பது. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், மகள் வெளியூரில் செவிலியர் படிப்புப் படிக்கிறாள். இந்த இருக்கைக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் ஒரு உரக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றார். விவசாயிகளின் பேச்சை அங்கேதான் பழகினார். வாடின இலையை மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவருவார்கள். அதை விரித்துப் பார்த்து, இதுக்கு இது என்று எடுத்துக் கொடுப்பார். திரும்ப வரும்போது கடையில் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மருந்து கேட்டுச்சா?" பலித்ததா, வேலை செய்ததா என்று அர்த்தம். கேட்டுச்சு என்றால் அடுத்த பாட்டில், கேட்கலை என்றால் வேறு பாட்டில்.

கடையை விட்டு வந்து ஏழு வருடமாகியும் அந்தக் கேள்வி நாக்கை விட்டுப் போகவில்லை.

பதினொன்றேகாலுக்குப் பலகையில் எண் பதினான்கு. கடிகாரம் வெளியே வந்து நின்றாயிற்று. அப்போது வந்த அழைப்பு ஒரு பெரியவருடையது. கரகரத்த, அவசரப்படாத குரல்.

"ஏம்மா, செடி சொல்ற பொண்ணாம்மா? என் போன்ல சார்ஜ் ஒரு கோடுதான் இருக்கு. சட்டுனு கேட்டுடறேன். வரப்புல ஆள்காட்டிக் குருவி முட்டை வச்சிருக்கு. நாலு முட்டை. என்னை நடக்க விட மாட்டேங்குது, தலைக்கு மேலயே வந்து வந்து கத்துது. என் வரப்புல எனக்கே வழியில்ல."

"முட்டையைத் தொட்டுடாதீங்க ஐயா. எடுத்து வேற இடத்துல வச்சாலும் அது வராது. சுத்தி நாலு கல்லை வச்சு அடையாளம் பண்ணிட்டு, நாலு முழம் தள்ளி நடங்க. ஒரு மாசம் பொறுத்தா குஞ்சு தானா இறங்கி ஓடிடும். உங்க வயல் புழுவைத்தான் அது தின்னும், சம்பளமில்லாத ஆள்."

பெரியவர் சிரித்தார். "சரி, ஒரு மாசம் அது முதலாளி. இன்னொண்ணும்மா. கத்திரியில வெள்ளை ஈ. செடியைத் தொட்டா சாம்பல் மாதிரி கிளம்புது. மொத்தம் நாப்பத்திரண்டு செடிதான். மழையில எல்லாம் போய் மிஞ்சினது அதுதான். விதைக்குன்னு விட்டிருக்கேன். இந்தக் கத்திரி விதை வேற யாருகிட்டயும் இல்லம்மா, நானும் தேடிப் பார்த்துட்டேன். போன வாரம் அடிச்ச மருந்து அரை பாட்டில் இருக்கு. அதை அடிக்கலாமா?"

"பாட்டில்ல என்ன பேர் போட்டிருக்கு?"

"எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு. நீல மூடி."

பெயர் தெரியாத மருந்தை அடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டிய இடம் இது. அந்த விதியைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியவரே செடியக்காதான். பலகையில் எண் பதினாறாகியது. கடிகாரம் மணிக்கட்டைத் திருப்பினார்.

"போன வாரம் அடிச்சீங்களே, மருந்து கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சும்மா! ஒரே வாரத்துல சுத்தம்."

"அப்ப அதையே அடிங்க. இலைக்கு அடிப்பக்கம் நல்லாப் படணும், ஈ அங்கதான் ஒட்டியிருக்கும். இப்ப அடிக்காதீங்க. தேனீ பூவுல இருக்கும், வெயிலும் இலையைக் கருக்கிடும். நாலு மணிக்கு மேல அடிங்க."

"நாலு மணி. சரிம்மா, நீ சொன்னா சரி."

மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. கடிகாரம் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

ஒன்றேகாலுக்குச் சாப்பாட்டு மேசை. செடியக்காவுக்கு எதிரே எப்போதும் உட்காருகிறவர் மாட்டு டாக்டர். டாக்டர் இல்லை, கால்நடைப் பிரிவுக்கு வரும் அழைப்புகளை எடுக்கிறவர். நல்ல உடம்பு, நல்ல வழுக்கை, வாய் ஓயாது.

"இன்னிக்கு ஒரு பெரியவர் பேசினாரு" என்று செடியக்கா டப்பாவைத் திறந்தார். "வரப்புல ஆள்காட்டி முட்டை வச்சிருக்காம். மனுசனை நடக்க விடலையாம்."

"வரப்புலயா?" மாட்டு டாக்டர் மென்றபடியே கேட்டார். "ஆள்காட்டி புல்லுக்குள்ள முட்டை வைக்காதே அக்கா. அதுக்கு மொட்டைத் தரை வேணும். என் தலை மாதிரி. வரப்புல புல்லு இருக்குமே?"

செடியக்கா வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது.

புல் இருக்கும். எந்த வரப்பிலும், அதுவும் மழை முடிந்த மாதத்தில், முழங்கால் உயரத்துக்கு இருக்கும். அந்த வரப்பு மொட்டையாகக் கிடந்தால் யாரோ புல்லை எடுத்திருக்க வேண்டும். வெட்டினாலும் அடிக்கட்டை பச்சையாக நிற்கும். ஆள்காட்டி நம்பி வந்து முட்டை வைக்கும் அளவுக்கு வேரோடு பழுத்து உதிர்ந்திருக்கிறது என்றால், அது ஒரு வாரத்து வேலை. போன வாரம் அடிச்ச மருந்து. ஒரே வாரத்துல சுத்தம்.

நம் பேச்சில் எல்லாமே மருந்துதான். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, புல்லைக் கொல்வதும் மருந்து. பூச்சி செத்ததா என்று இவர் கேட்டார். புல் செத்தது என்று அவர் சொன்னார்.

"களைக்கொல்லி" என்றார் செடியக்கா. "கத்திரிக்குக் களைக்கொல்லியை அடிக்கச் சொல்லிட்டேன். விதைச்செடிக்கு."

மாட்டு டாக்டர் மெல்லுவதை நிறுத்தினார். "எப்ப அடிப்பாரு?"

"நாலு மணிக்கு. நான்தான் நேரம் குறிச்சுக் குடுத்திருக்கேன்."

பெரியவரின் எண் கணினியில் இருந்தது. செடியக்கா கூப்பிட்டார். அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் அமைதியாகச் சொன்னது. மறுபடியும் கூப்பிட்டார். ஒன்றரை மணிக்குள் பத்தொன்பது முறை. ஊர் என்ற கட்டத்தில், நேரமில்லாததால், வெறும் கோடு போட்டிருந்தார். தொலைபேசி நிறுவனத்திடம் முகவரி கேட்கலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு, மூன்று வேலை நாள் ஆகும்.

மிச்சமிருந்தது ஒலிப்பதிவு. அதைக் கேட்க, கண்ணாடி அறையின் அனுமதி வேண்டும்.

"சார், பதினொன்னேகாலுக்கு வந்த கால் எனக்கு வேணும். ஆள் எங்க இருக்காருன்னு கண்டுபிடிக்கணும்."

கடிகாரம் முழுவதையும் கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்டவர் அல்ல. அவருக்கு மேலேயும் ஒரு கண்ணாடி அறை இருந்தது.

"எழுதிக் குடுத்துடுங்கம்மா" என்றார்.

"எதை சார்?"

"என்ன நடந்துச்சுன்னு. நீங்க விதிப்படி கேக்கலைன்னு. பதிவைத் திறந்தா எதுக்குத் திறந்தேன்னு என்னைக் கேப்பாங்க."

"பதினாறு பேரு வரிசையில இருந்தாங்க. நீங்க வாட்சைப் பார்த்துட்டு நின்னீங்க."

"அதையும் எழுதுங்க" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அதைச் செடியக்கா எழுதவில்லை. நின்றபடியே நான்கு வரி எழுதினார். மருந்தின் பெயர் தெரியாமல் அடிக்கச் சொன்னேன், தவறு என்னுடையது, கையெழுத்து. மணி ஒன்று ஐம்பது.

ஒலிப்பதிவில் தன் குரலே அவருக்கு முதலில் காதில் அறைந்தது. எவ்வளவு வேகம், எவ்வளவு நிச்சயம். மாட்டு டாக்டர் இன்னொரு காதுக்கருவியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியவரின் பேச்சுக்குப் பின்னால் ஆள்காட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடும் சத்தம். காற்றில் நாணல் உரசும் சத்தம். இலைக்கு அடிப்பக்கம் நல்லாப் படணும் என்று இவர் சொல்லும் இடத்தில், வெகு தூரத்தில், ஊ என்று ஒரு நீண்ட ஒலி. காலையில் அதைத் தொலைபேசியின் இரைச்சல் என்று நினைத்திருந்தார்.

"நிறுத்து, நிறுத்து. திரும்பப் போடு" என்றார் மாட்டு டாக்டர். "சங்கு. குவாரிச் சங்கு. வெடி வைக்கறதுக்கு முன்னாடி ஊதறது. எண்ணு."

ஒன்று. இரண்டு. மூன்று.

"மூணு தடவை ஊதறது ஏரிக்கு அந்தப்புறம் இருக்கிற குவாரி மட்டும்தான். மத்ததெல்லாம் ரெண்டுதான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"வெடி வச்சா மாடு பாலை அடக்கிக்குதுன்னு வாரத்துக்கு நாலு பேர் அங்கேயிருந்து என் தலையை உருட்டறாங்க. மூணாவது சங்குக்கு முன்னாடி கறந்துடுங்கன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

அவர் தன் பதிவேட்டில் ஏரிக்கரை மாட்டுக்காரர்களைத் தேடி எடுத்தார். முதல் எண் அடித்து ஓய்ந்தது. இரண்டாமவர் எடுத்தார். வேறொரு ஊரில், மகள் வீட்டில் இருந்தார். "கத்திரியா? ஏரிக்கரையில யாரு கத்திரி போடலைன்னு கேளுங்க. விதைக்கு விட்டவரா? அது தெரியாதுங்க. நான் வந்து நாலு நாளாச்சு."

முப்பத்தெட்டு கிலோமீட்டர். செடியக்காவின் ஸ்கூட்டர் கீழே நின்றது. கணவரைக் கூப்பிடலாம், ஆனால் அந்த நேரத்தில் வேன் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள். மாட்டு டாக்டர் கேட்காமலே படி இறங்கினார்.

"நீ எதுக்கு?"

"வழி உனக்குத் தெரியுமா? போன வருசம் அங்க ஒரு கன்னுக்குட்டியைப் பார்க்கப் போயிருக்கேன். வண்டியை எடு. என் எடைக்கு முன்சக்கரம் தூக்கினா மட்டும் சொல்லு, இறங்கி நடந்துக்கறேன்."

இரண்டு பத்துக்குக் கிளம்பினார்கள். நகரத்தைத் தாண்டுவதற்கே அரை மணி ஆயிற்று. சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் செடியக்கா பெரியவரின் எண்ணை அழுத்தினார். அந்தப் பெண் குரல் கொஞ்சமும் சலிக்காமல் அதையே சொன்னது. குவாரிச் சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புழுதியில் ஓரம் தெரியவில்லை. ஸ்கூட்டர் நடை வேகத்துக்கு இறங்கியது.

"நாலுக்கு மேலன்னுதானே சொன்னே?" மாட்டு டாக்டர் பின்னாலிருந்து கத்தினார். "ஆள் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு, வெத்துக் கதை பேசிட்டு, அஞ்சு மணிக்குத்தான் டேங்க்கைத் தூக்குவாரு. நம்ம ஆளுங்க யாரு சொன்ன நேரத்துக்குச் செய்வாங்க?"

"இவர் செய்வாரு."

"எப்படிச் சொல்றே?"

"குருவி முட்டைக்காகப் போன் போட்டுக் கேட்ட மனுசன்" என்றார் செடியக்கா. "சொன்ன நேரத்துக்குச் செய்வாரு."

அதற்குப் பின் மாட்டு டாக்டர் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதுதான் செடியக்காவை அதிகம் பயமுறுத்தியது.

மூன்று நாற்பதுக்கு ஏரி தெரிந்தது. குவாரி வாசலில் காவலுக்கு இருந்த பெண், கத்திரி என்றதும் கையை வீசி ஏரியின் பாதி வட்டத்தைக் காட்டினார். "அது பூராவும் கத்திரிதான்."

"வரப்பு காய்ஞ்சு மொட்டையா இருக்கிற வயல் ஏதாவது?"

"நான் கேட்டைப் பார்க்கறவங்க. வரப்பை எங்க பார்க்கறது?"

ஸ்கூட்டர் அதற்கு மேல் போகாது. மதகுச் சுவரின் மேல் ஏறி நின்று செடியக்கா பார்த்தார். பச்சை, பச்சை, எல்லாம் பச்சை. கோடு கோடாக வரப்புகள், அவற்றிலும் புல். கிழக்கு ஓரத்தில், நாணலை ஒட்டி, ஒரே ஒரு வரப்பு மட்டும் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. நேராகப் போனால் கூப்பிடு தூரம். நடுவே பெரிய வாய்க்கால், இடுப்பளவுத் தண்ணீர் சுழித்து ஓடியது. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

பாதி வழியில் சங்கு ஊதியது. ஒன்று, இரண்டு, மூன்று. குவாரியில் மாலை வெடிக்கு நேரம், நான்கு மணி. கடிகாரம் இல்லாத மனிதருக்கு அதுதான் கடிகாரம்.

செடியக்கா ஓடினார். செருப்பு ஒன்று சேற்றோடு போனது. "ஐயா! ஐயா! அடிக்காதீங்க!" என்று கத்தினார். ஏரிக்காற்று முகத்துக்கு எதிரே அடித்து, சத்தத்தைப் பின்னாலேயே தள்ளியது. அந்த வரப்பை அடைந்தபோது தலைக்கு மேல் ஆள்காட்டி கிளம்பி, மாட்டு டாக்டரின் வழுக்கையைக் குறிவைத்து இறங்கியது. காலடியில் நான்கு கற்கள், சதுரமாக, நடுவே புள்ளி போட்ட நான்கு முட்டைகள். தாண்டிக் குதித்தார்கள்.

பெரியவர் முதுகில் தெளிப்பானோடு, குனிந்து, ஒவ்வொரு இலையாகத் தூக்கி அடிப்பக்கம் பீய்ச்சிக்கொண்டிருந்தார். அவ்வளவு பொறுமை. மூன்று வரிசைச் செடிகள். இரண்டு வரிசை நனைந்து மின்னியது. மூன்றாவதில் இரண்டு செடி முடிந்திருந்தது.

"நிறுத்துங்க ஐயா!"

அவர் நிமிர்ந்தார். மெலிந்த உடம்பு, எழுபது இருக்கும். அந்நியப் பெண் ஒருத்தி ஒற்றைச் செருப்போடு சேறு வடிய நிற்பதைப் பார்த்துக் குழம்பினார். ஆனால் குரலைக் கண்டுகொண்டார்.

"போன்ல பேசின பொண்ணு! என்னம்மா இவ்வளவு தூரம்?"

"அது பூச்சி மருந்தில்லைங்க. புல்லுக்கு அடிக்கற மருந்து. வரப்புக்குத்தானே அடிச்சீங்க?"

"ஆமா, வரப்புக்குத்தான். மருந்து கேட்டுச்சான்னு நீதானேம்மா கேட்டே?"

"நான்தான் கேட்டேன். நான்தான் அடிக்கவும் சொன்னேன்."

பெரியவர் தெளிப்பானைப் பார்த்தார். செடிகளைப் பார்த்தார். கோபப்படவில்லை, அதற்கு நேரம் ஆகும் போலிருந்தது. தெளிப்பானை இறக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மாட்டு டாக்டர்தான் பின்னால் போய் வாரைக் கழற்றினார்.

"இலை குடிச்சு வேருக்கு இறக்கறதுக்குள்ள கழுவணும்" என்றார் செடியக்கா. "முதல் வரிசை அடிச்சு எவ்வளவு நேரமாச்சு?"

"சங்கு ஊதினதும் ஆரம்பிச்சேன்."

இருபது நிமிடம் கூட ஆகியிருக்கவில்லை. குடம் ஒன்று இருந்தது, ஒரு வாளி, ஒரு பழைய பெயின்ட் டப்பா. மாட்டு டாக்டர் வாய்க்காலில் இறங்கி மொண்டு மொண்டு மேலே கொடுத்தார். செடியக்கா முதல் வரிசையிலிருந்து ஊற்றினார். மேலே ஊற்றினால் போதாது, மருந்து இருந்தது அடிப்பக்கம். அவர் சொன்னபடியே பெரியவர் அடித்திருந்தார். அதனால் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பிடித்து, உள்ளங்கையால் துடைத்து, மறுபடி ஊற்ற வேண்டியிருந்தது. கத்திரி இலையின் முள் கையைக் கீறியது.

"கையில உறை போட்டுக்க அக்கா" என்று மாட்டு டாக்டர் கத்தினார். "நீ ஊருக்கெல்லாம் சொல்றதுதானே?"

"எங்க இருக்கு உறை?"

"இந்தா" என்று ஒரு பிளாஸ்டிக் பையை எறிந்தார். அதைக் கட்டிக்கொண்டு துடைத்தார்.

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நனைத்து, வரிசையின் மறுமுனையிலிருந்து ஆரம்பித்தார். நன்றாக நனைந்து முடிந்த கிளைகளை வெட்டிவிடலாமா என்று செடியக்கா கேட்டபோது, அரிவாளை எடுத்துக் கொடுத்தார். வெட்டிய கிளைகளில் பூ இருந்தது. சிலவற்றில் சுண்டுவிரல் நுனி அளவு பிஞ்சு.

இருட்டும் வரை மூவரும் இலை துடைத்தார்கள். கரையேறும்போது பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொழைக்குமா?"

"தெரியலைங்க" என்றார் செடியக்கா. "நுனி வெளுத்தா உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். பத்து நாள் ஆகும் தெரிய."

"போன்ல எல்லாமே தெரியும் உனக்கு."



அடுத்த நாள் முதல் செடியக்காவை அழைப்பு எடுக்க விடவில்லை. விசாரணை முடியும்வரை பதிவுகளைத் தட்டச்சு செய்யும் வேலை. மற்றவர்கள் பேசுவதைப் பலகைத் தடுப்புக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து கேட்டார். யாராவது மருந்து என்று ஆரம்பித்தால் விரல் நின்றுவிடும். எழுந்து போய், "என்ன மருந்துன்னு கேளு, எதுக்கு அடிச்சாருன்னு கேளு" என்று காதருகே சொல்லிவிட்டு வருவார். புதிதாக வந்த பெண்கள் முகம் சுளித்தார்கள். வீட்டில் கணவர், "நீ வேணும்னா சொன்னே?" என்று கேட்டுப் பார்த்தார். "வேணும்னு சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும், எதையாவது யோசிச்சுட்டாவது சொல்லியிருப்பேன்" என்றார் செடியக்கா. தன் மாடித் தொட்டிகளுக்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றக்கூட மறந்து போனார்.

ஐந்தாம் நாள் பெரியவரைக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. எட்டாம் நாளும் அப்படியே.

பன்னிரண்டாம் நாள் மாட்டு டாக்டர் தன் இருக்கையிலிருந்து கையை ஆட்டினார். "மாட்டுப் பிரிவுக்கு வந்திருக்கு, மாட்டைப் பத்தி இல்ல. உன்னைத்தான் கேக்கறாரு." காதுக்கருவியைக் கழற்றி நீட்டினார். கண்ணாடி அறையில் கடிகாரம் தலையை நிமிர்த்தினார், பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார்.

"பதினொண்ணு நிக்குது" என்றது கரகரத்த குரல். "மூணாவது வரிசையில பத்து. நடு வரிசையில ஒண்ணு. மத்ததெல்லாம் நுனி வெளுத்து, ஊசி மாதிரி இலை விட்டுப் போயே போச்சு."

செடியக்கா கணக்குப் போட்டார். மூன்றாவது வரிசையில் அடிக்காமல் விட்டவை பன்னிரண்டு. காற்று சும்மா இருக்கவில்லை.

"நிக்கறதுலயும் எதுவும் ஒழுங்கா நிக்கலை. இலை சின்னதாப் போச்சு. ஒரே ஒரு செடியில ரெண்டு பிஞ்சு இருக்கு. அதை விதைக்கு விடலாம்னு நூல் கட்டப் போனேன். அப்புறம் கேட்டுட்டுக் கட்டலாம்னு..." நிறுத்தினார். கேட்க மனசில்லாமல் கேட்கிறவரின் நிறுத்தம் அது.

"செடி எவ்வளவு உயரம் இருக்கு? புதுசா இலை விட்டிருக்கா? தண்டு பச்சையா, பழுப்பா?" செடியக்கா ஒன்றுவிடாமல் கேட்டார். நான்கு நிமிடம் தாண்டியது, ஏழு தாண்டியது. பெரியவர் வயலிலேயே நின்று ஒவ்வொன்றையும் பார்த்துச் சொன்னார்.

"பிஞ்சைக் கிள்ளிடுங்க ஐயா."

"கிள்ளவா?"

"அந்தச் செடி நோய்ல கிடந்து எழுந்திரிக்குது. இப்பக் காய் பிடிச்சா இருக்கிற சத்தெல்லாம் காய்க்குப் போகும், செடி படுத்துடும். விதையும் சோடையாத்தான் வரும். கிள்ளிவிட்டா ஒரு மாசத்துல புதுக் கிளை விடலாம். அந்தக் காய்தான் விதைக்கு ஆகும்."

"விடலாமா, விடுமா?"

"விடலாம். சத்தியம் பண்ண எனக்கு வாயில்லை."

"இருக்கிறதே ரெண்டு பிஞ்சு."

"ஆமாங்க."

"அதையும் கிள்ளச் சொல்றே."

"ஆமாங்க."

இணைப்பு போய்விட்டது என்று செடியக்கா நினைத்தார். மாட்டு டாக்டர் திரையைப் பார்த்து, இருக்கிறார் என்று விரலால் காட்டினார்.

"எனக்குக் கை வராது" என்றார் பெரியவர் கடைசியில். "நீயே வந்து கிள்ளிட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் செடியக்கா அங்கே இருந்தார். பெரியவர் வரப்பிலேயே நின்றுகொண்டார், பக்கத்தில் வரவில்லை. அந்தச் செடி முழங்கால் உயரம்கூட இல்லை. பிஞ்சுகளில் பச்சை வரி இப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. செடியக்கா உட்கார்ந்து, முதல் பிஞ்சின் காம்பை இரண்டு நகங்களுக்கு நடுவே பிடித்தார். திரும்பிப் பார்த்தார். பெரியவர் ஏரிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கிள்ளினார். பிறகு இன்னொன்றையும் கிள்ளினார்.